கால் ஊன்றாமல் ஏற ஒரு வண்டி

லைசென்ஸ் எடுக்கப் போன நாளை யாரும் மறப்பதில்லை. திடலில் வரைந்திருக்கும் எட்டுக்குள் வண்டியை மெதுவாகத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். அங்கே வேகம் உதவாது. கோட்டைத் தாண்டினாலோ கால் தரையில் பட்டாலோ இன்னொரு நாள் வரச் சொல்லிவிடுவார்கள். அன்று எட்டு போட்டதோடு நம்மில் பெரும்பாலோர் அந்த வித்தையை விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு வண்டி என்றால் பிக்கப், மைலேஜ், எண்பதில் போனால் ஆடுகிறதா என்பது மட்டும்தான் பேச்சு.

அதே எட்டைப் பாறையிலும் ஓடைக் கல்லிலும் செங்குத்துச் சரிவிலும் போடச் சொன்னால் அதுதான் ட்ரையல்ஸ். போட்டியில் நாடா கட்டிய குறுகிய தடத்துக்குள் ஏறி இறங்கி வர வேண்டும். ஒரு தடவை கால் ஊன்றினால் 1 புள்ளி, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை தடவை ஊன்றினாலும் 3. விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. கடைசியில் யாருக்குப் புள்ளி குறைவோ அவருக்கு வெற்றி. ஸ்பெயின்காரர் டோனி போ மான்டெசா வண்டியில் முப்பதுக்கும் மேற்பட்ட உலகப் பட்டங்கள் வாங்கியிருப்பது இந்த விளையாட்டில்தான்.

இந்தத் திண்டுக்கல் வழிகாட்டியில் ட்ரையல்ஸுக்கு ஒரு தனி அத்தியாயம் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊரைச் சுற்றி ஒருமுறை பாருங்கள். கிழக்கே நத்தம் சாலையிலிருந்து பிரிந்து 18 கொண்டை ஊசி வளைவுகளோடு சிறுமலை. மேற்கே கன்னிவாடி, தருமத்துப்பட்டி தாண்டினால் பன்றிமலை, ஆடலூர். அய்யம்பாளையம், சித்தரேவு வழியாகத் தாண்டிக்குடி. தார் சாலை தோட்டத்து வாசல் வரை வரும். அதற்கப்பால் காபியும் மிளகும் மலைவாழையும் நிற்கிற இடத்துக்கு ஒற்றையடித் தடம்தான். சிறுமலையில் வாழைத்தாரைக் குதிரை முதுகில் இறக்கும் வழக்கம் உண்டு. குதிரைக் குளம்புக்கென்று விழுந்த அந்தத் தடத்தில்தான் இன்று மோட்டார் சைக்கிளும் ஏறுகிறது. சமவெளியிலும் சாணார்பட்டி, நத்தம் பக்கத்து மாந்தோப்பு வண்டிப்பாதை, மழை அரித்த செம்மண் கரை, வறண்ட ஓடை என்று கிடக்கிறது. இந்த ஊரில் வண்டி வாங்குகிறவர் நான்கு வழிச் சாலையை மட்டும் மனதில் வைத்து வாங்கினால் பாதி வண்டியைத்தான் வாங்குகிறார்.

அசல் ட்ரையல்ஸ் வண்டி வேண்டுமா?

வேண்டாம் என்றே சொல்வேன். ஆனால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் மற்ற எல்லா வண்டியையும் அதை வைத்துத்தான் அளக்கப் போகிறோம். மான்டெசா, காஸ்காஸ், பீட்டா, ஷெர்கோ ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. எடை 65 முதல் 75 கிலோ, அதாவது நம் எக்ஸ்எல்லை விடக் குறைவு. உட்கார சீட்டே கிடையாது. ஓட்டுகிறவர் கடைசி வரை நின்றுகொண்டேதான் இருப்பார். டேங்கில் இரண்டு மூன்று லிட்டர்தான் பிடிக்கும். பின் டயரில் 4, 5 பி.எஸ்.ஐ. காற்றுதான், டயர் கல்லின் மேல் சப்பாத்தி மாவைப் போல் படிந்து பிடிக்கும். ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் வெகுதூரம் திரும்பும். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே முதல் கியரில் நடக்கிற வேகத்தில் ஊர்ந்து போகும்.

நம் சாலையில் பதிவு செய்து நம்பர் போட்டு ஓட்டும் விதத்தில் இவை இங்கே விற்கப்படுவதில்லை. தோட்டத்துக்குள் மட்டும் ஓட்டுவேன் என்றாலும் ஒரு பிரேக் லீவர் உடைந்தால் அதற்குக் கடல் தாண்டி ஆர்டர் போட வேண்டும். ஒரு மூட்டை உரம்கூட ஏற்ற முடியாது. ஆகவே விட்டுவிடுவோம். ஆனால் அந்த ஐந்து குணங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: எடை குறைவு, நின்று ஓட்ட வசதி, தாழ்ந்த முதல் கியர், நன்றாகத் திரும்பும் ஹேண்டில், டயரின் பிடிமானம். கடையில் நிற்கும் எந்த வண்டியிடமும் இந்த ஐந்தைத்தான் கேட்க வேண்டும். குதிரைத்திறன் இந்தப் பட்டியலிலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

புல்லட் வந்த வழி

நம் ஊர்க்காரர்களிடம் ட்ரையல்ஸ் என்றால் 2019இல் ராயல் என்ஃபீல்டு விட்ட புல்லட் ட்ரையல்ஸ்தான் நினைவுக்கு வரும். 350க்குச் சிவப்பு ஃபிரேம், 500க்குப் பச்சை ஃபிரேம், மேலே தூக்கிவிட்ட சைலன்சர், ஒற்றை சீட், பின்னால் கேரியர், கட்டை டயர். பி.எஸ். 6 வந்தபோது அது நின்றுபோனது. இன்றைக்குப் பழைய வண்டிச் சந்தையில்தான் கிடைக்கும், அதையும் விற்க மனமில்லாதவர்களே அதிகம்.

அந்தப் பெயர் சும்மா ஒட்டியதல்ல. 1948இல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டின் ரெட்டிச் ஆலையிலிருந்து வந்த புதிய புல்லட் முதன்முதலாக வெளியே தலைகாட்டியதே ஒரு ட்ரையல்ஸ் போட்டியில்தான். அப்போது ட்ரையல்ஸ் வண்டிகளுக்குப் பின் சக்கரத்தில் ஸ்பிரிங் கிடையாது. பின்பக்கம் இறுக்கமாக இருந்தால்தான் சக்கரம் மண்ணைக் கடிக்கும் என்று நம்பினார்கள். புல்லட் ஸ்விங்ஆர்மோடு வந்தது. பின் சக்கரம் மேலும் கீழும் அசைந்துகொடுத்துத் தரையை விடாமல் தொட்டுக்கொண்டே போகும் என்பதை அது காட்டிற்று. அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் இரண்டு தங்கப் பதக்கம். பிறகு ஜானி பிரிட்டன் என்ற இளைஞர் 1952லும் 1957லும் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரையல்ஸை என்ஃபீல்டில் வென்றார். இடையே 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கித் திருவொற்றியூரில் அந்த வண்டியின் வம்சம் வேரூன்றியது. பால்காரரும் போலீஸ்காரரும் ஓட்டிய புல்லட்டுக்குப் பாறை ஏறிய முன்னோர் உண்டு என்பது எனக்கு இன்றும் பெருமையான விஷயம்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1965இல் சாமி மில்லர் என்ற ஓட்டுநர் நூறு கிலோவுக்குள் எடையுள்ள புல்டாகோ ஷெர்பா என்ற ஸ்பெயின் டூ-ஸ்ட்ரோக்கில் ஏறி அதே ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். கனத்த பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் காலம் ட்ரையல்ஸில் அத்தோடு ஓய்ந்தது. எடைதான் தீர்ப்புச் சொன்னது.

2019 வண்டிக்கும் அதே தீர்ப்புதான் பொருந்தும். என்ஜினும் ஃபிரேமும் கிளாசிக்குடையவை. எடை 190 கிலோவை ஒட்டியது. 350இல் 28 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 4000 சுற்றிலேயே கிடைத்துவிடும், கனமான ஃபிளைவீல், ஆகவே மெதுவாக ஏறும்போது ஆஃப் ஆகாமல் டக்டக்கென்று இழுக்கும் குணம் அருமை. தட்டையான செம்மண் சாலை, கப்பிச் சாலை, கன்னிவாடி பக்கத்துத் தோப்புப் பாதை என்றால் சொகுசாகப் போகும். ஒரு முழங்கால் உயரக் கல்லோ, வழுக்கும் வேரோ வந்தால் அதன் எடை உங்கள் கையில் வந்து உட்காரும். அழகுக்காகவும் அன்புக்காகவும் வாங்குங்கள். அது தவறே இல்லை. ஆடலூர்த் தோட்டத்துத் தடத்துக்கென்று மட்டும் வாங்க வேண்டாம்.

வாங்கும் முன் நான்கு சோதனை

முதலாவது, தூக்கிப் பார்ப்பது. பல ஆண்டுகளுக்கு முன் கனத்த வண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மலையடிவாரத் தோட்டம் ஒன்றுக்குத் தனியாகப் போனேன். மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம். ஈரக் கல்லில் முன் சக்கரம் வழுக்கி, பள்ளத்துப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எனக்கு ஒரு சிராய்ப்பும் இல்லை. ஆனால் வண்டியின் சக்கரம் மேட்டிலும் ஹேண்டில் பள்ளத்திலும் கிடந்தது. மூன்று தடவை முயன்றேன், ஒரு சாண் கூட எழவில்லை. பெட்ரோல் மூடி வழியாகச் சொட்டிக்கொண்டே இருந்தது. மிளகுக் கொடிக்கு வேலைக்கு வந்தவர்கள் வீடு திரும்பும் வரை, இருட்டும் நேரத்தில், அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அன்றிலிருந்து என் முதல் விதி: தனியாகத் தூக்க முடியாத வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு தடத்துக்குப் போகக் கூடாது.

ஷோரூம் வண்டியைச் சாய்த்துப் போட விட மாட்டார்கள். அதே மாடல் வைத்திருக்கும் நண்பரிடம் கேளுங்கள். சாக்கு விரித்து அதன் மேல் மெதுவாகப் படுக்க வையுங்கள். வண்டிக்கு முதுகைக் காட்டிச் சீட்டின் ஓரத்தில் இடுப்பைச் சாய்த்து, ஒரு கை ஹேண்டிலிலும் மறு கை பின்பக்கக் கம்பியிலுமாக, முதுகை வளைக்காமல் காலால் உந்திப் பின்னால் நடங்கள். எழுந்தால் அது உங்கள் வண்டி. எழாவிட்டால் எவ்வளவு பிடித்திருந்தாலும் யோசியுங்கள்.

இரண்டாவது, இருபது மீட்டர் நடை. சமதளத்தில் இருபது மீட்டர் அளந்துகொள்ளுங்கள். முதல் கியர் போட்டுக் கிளட்சை முழுக்க விட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் போக விடுங்கள். கைபேசியில் நேரம் பாருங்கள். 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் மணிக்கு 6 கி.மீ. வேகம், கூடவே ஒருவர் நடந்து வரலாம். இது தடத்துக்கு ஏற்ற கியர். 9 விநாடிக்குள் முடிந்தால் 8 கி.மீ.க்கு மேல், கல்லுக்கு நடுவே போகும்போதெல்லாம் அரைக் கிளட்சிலேயே ஓட்ட வேண்டியிருக்கும், கிளட்ச் பிளேட் சீக்கிரம் கருகும். ஆனால் இதற்கு மலிவான வைத்தியம் உண்டு. முன் ஸ்பிராக்கெட்டில் 14 பல் இருந்தால் 13 போடுங்கள், இழுவை ஏழெட்டு சதவீதம் கூடிவிடும். சாலையில் அதே அளவுக்கு என்ஜின் கூடுதலாகக் கத்தும். மதுரைக்கும் திருச்சிக்கும் அடிக்கடி போகிறவர் இதைச் செய்ய வேண்டாம்.

மூன்றாவது, எட்டு. ஆனால் நின்றுகொண்டு. ஃபுட்ரெஸ்டில் ஏறி நின்று, முழங்காலைச் சற்றே மடக்கி, இரண்டு செங்கல்லைச் சுற்றி முதல் கியரில் எட்டுப் போடுங்கள். ஹேண்டிலுக்குக் குனிய வேண்டியிருக்கிறதா? பிரேக் பெடல் காலுக்கு எட்டுகிறதா? டேங்க் முழங்காலில் இடிக்கிறதா? உட்கார்ந்து ஓட்டிப் பார்த்ததில் தெரியாத குறை எல்லாம் நின்றவுடன் தெரிந்துவிடும். சாலை வண்டிகள் பலவற்றில் ஃபுட்ரெஸ்ட் ரொம்பப் பின்னால் இருப்பதால் நின்றால் முன்னால் கவிழ்வது போல இருக்கும். ஹேண்டிலை உயர்த்தினால் ஓரளவு சரியாகும், முழுக்கச் சரியாகாது.

நான்காவது இறக்கம். ஏறத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். சரளைக்கல் கிடக்கும் ஒரு சரிவில் முதல் கியரில், கிளட்சைத் தொடாமல், என்ஜின் பிடிப்பில் இறங்கிப் பாருங்கள். இங்கே பிரேக்கின் வகை முக்கியமாகிவிடுகிறது. 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு ஏ.பி.எஸ்., அதற்குக் கீழே இரண்டு பிரேக்கும் இணைந்த அமைப்பு கட்டாயம். சின்ன வண்டிகளில் பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும். தார் சாலையில் இது உயிர் காக்கும். ஈரச் சரளைச் சரிவில், திரும்பும்போது, பின்னால் மட்டும் பிடிக்கும் என்று நினைத்து மிதித்தால் முன் சக்கரம் வழுக்கும். அதனால் அந்த வண்டிகளில் திரும்புவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பெடலைத் தொடாமல் என்ஜின் பிடிப்பில் விடப் பழகுங்கள்.

எந்த வண்டி, யாருக்கு

முதலில் எக்ஸ்எல். சிரிக்க வேண்டாம். டி.வி.எஸ். எக்ஸ்எல் 100இன் எடை 90 கிலோவுக்கும் குறைவு. என் நான்கு சோதனையில் முதலாவதில் இதை வெல்ல இந்த நாட்டில் வண்டி இல்லை. நடுவில் கால் வைத்து ஏறும் அமைப்பு என்பதால் தடுமாறினால் குதித்து இறங்கி ஒதுங்கிவிடலாம். கியர் இல்லை, வேகம் கூடினால் தானே பிடிக்கும் கிளட்ச். சித்தரேவு பக்கம் தேங்காய் மூட்டையும் புல்லுக்கட்டும் வைத்து இதில் போகிறவர்களின் எட்டை எந்த ஆர்.டி.ஓ.வும் குறை சொல்ல முடியாது. குறை இரண்டு. சின்ன சக்கரமும் தாழ்ந்த வயிறும் பெரிய கல்லில் தட்டும். அதைவிடப் பெரிய குறை இறக்கம். சுற்று குறைந்தால் அந்தக் கிளட்ச் தானாகவே விட்டுவிடும். விட்டதும் என்ஜின் பிடிப்பு போய் வண்டி உருள ஆரம்பிக்கும். மீதி வேலை முழுவதும் டிரம் பிரேக்கின் தலையில் விழுகிறது. சிறுமலையிலிருந்து பாரம் ஏற்றிக்கொண்டு இறங்குகிறவர் பாதி வழியில் நிறுத்தி டிரம் ஆறும்வரை காத்திருப்பதை நேர விரயம் என்று நினைக்கக் கூடாது.

அடுத்து ஸ்ப்ளெண்டர். 97 சிசி, எட்டு நியூட்டன் மீட்டர், சுமார் 112 கிலோ. எண்களைப் பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் தாழ்ந்த கியர், 18 அங்குலச் சக்கரம், கையடக்கமான நீளம், எந்தக் கிராமத்திலும் திறக்கத் தெரிந்த என்ஜின். தடை 165 மி.மீ. தரை இடைவெளி. என்ஜினுக்குக் கீழே ஒரு தகடு அடித்துக்கொண்டு, பின்னால் கட்டை டயர் போட்டு, முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்தால், மலையில் குடியிருப்பவருக்கு இதைவிட நல்ல துணை குறைந்த செலவில் கிடைப்பது அரிது. 2021இல் வந்த பஜாஜ் சி.டி. 110 எக்ஸ் இந்த வேலையில் பாதியை ஆலையிலேயே செய்து கொடுத்தது: கீழ்த்தகடு, கேரியர், கட்டை டயர். எடை பதினைந்து கிலோ கூட, இழுவையும் கொஞ்சம் கூட.

ஆர்எக்ஸ் 100ஐப் பற்றிக் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். லேசான வண்டி, நெஞ்சை அள்ளும் சத்தம், எனக்கும் அதன் மேல் ஆசை உண்டு. ஆனால் அதன் சக்தி மேல் சுற்றில்தான் திரண்டு வரும். கல்லில் ஏறும்போது நமக்கு வேண்டியது கீழ்ச் சுற்று. மூச்சு வாங்கி நிற்கும், அல்லது திடீரென்று பாயும். 1996இல் உற்பத்தி நின்ற வண்டிக்கு நல்ல சிலிண்டரும் கிராங்க்கும் தேடி அலையும் சிரமம் வேறு.

நடுவில் நிற்பவை ஹீரோவின் இரண்டு வண்டிகள். 2011இல் வந்த இம்பல்ஸ் 150 சிசி, 134 கிலோ, 245 மி.மீ. தரை இடைவெளி. காலத்துக்கு முந்திப் பிறந்த வண்டி. வாங்குவார் குறைந்து நின்றுபோனது. என்ஜின் ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் வண்டிகளின் குடும்பம், அதனால் உள் உதிரி இன்றும் தேடினால் கிடைக்கும். மட்கார்டு, டேங்க் பக்கவாட்டு பிளாஸ்டிக், ஷாக் ஆகியவற்றுக்குத்தான் திண்டாட்டம். நல்ல நிலையில் ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள் என்பது என் அபிப்பிராயம்.

2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200 இன்றைக்கு நம் பக்கத்து இளைஞர்கள் முதலில் கேட்கும் வண்டி. முன்னால் 21, பின்னால் 18 அங்குல ஸ்போக் சக்கரம், 220 மி.மீ. இடைவெளி, நின்று ஓட்டுவதற்கென்றே வைத்த ஹேண்டில், மெலிந்த டேங்க். 2021இல் நான்கு வால்வு வந்தது. எடை 158 கிலோ. நான் சொன்ன ஐந்து குணங்களில் நான்கில் இது தேறும். தேறாதது தாழ்ந்த முதல் கியர்; கீழ்ச் சுற்றில் இழுவையும் போதாது: 17 நியூட்டன் மீட்டரை 6500 சுற்றில்தான் முழுதாகத் தருகிறது. நடை வேகத்தில் கிளட்சோடு விளையாடித்தான் ஓட்ட வேண்டும். ஸ்பிராக்கெட் வைத்தியம் இதற்கு நன்றாகப் பலிக்கும். ஐந்தரை அடிக்குக் குறைந்தவர்கள் 825 மி.மீ. சீட் உயரத்தில் நுனிக்காலில்தான் நிற்க முடியும், அதனால் எப்போதும் மேட்டுப் பக்கமாகவே காலை ஊன்றப் பழக வேண்டும். ப்ரோ என்ற வகையில் சீட் 891 மி.மீ.; உயரமானவர்கள் மட்டும் அதன் பக்கம் போகலாம். பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 200டி என்று ஒன்று உண்டு. பெயர் ஒன்று போலிருந்தாலும் அது 17 அங்குல அலாய் சக்கரம் போட்ட சாலை வண்டி.

ஹிமாலயன் 411ஐ நான் மதிக்கிறேன். 32 நியூட்டன் மீட்டரைத் தாழ்ந்த சுற்றிலேயே கொடுக்கும் நீள ஸ்ட்ரோக் என்ஜின், 800 மி.மீ. சீட், மெதுவாக ஊர்வதில் மிகப் பொறுமை. ஆனால் பி.எஸ். 6இல் 199 கிலோ. 2023இல் வந்த 450க்கு 40 குதிரைத்திறன், எடை 196. திண்டுக்கல்லிலிருந்து வால்பாறைக்கோ இமயத்துக்கோ போய் வருகிறவருக்கு இவை. வாரத்தில் நான்கு நாள் தோட்டத்துத் தடத்தில் ஏறி இறங்குகிறவருக்கு இவை கூடுதல் சுமை.

சுருக்கமாகக் கேட்டால்: பாரம் ஏற்றுகிறவருக்கு எக்ஸ்எல், மலையில் குடியிருப்பவருக்கு ஸ்ப்ளெண்டர் அல்லது சி.டி., ஊரில் இருந்துகொண்டு வாரம் ஒரு முறை தோட்டம் பார்க்கிறவருக்கு எக்ஸ்பல்ஸ்.

நம்பிக்கை எத்தனை கிலோமீட்டர்?

நாகல் நகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஒரு தடவை புது மாடல் ஒன்றைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டேன். கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "வண்டி நல்ல வண்டிதாண்ணே. ஆனா கோன் செட்டு போச்சுன்னா மதுரைக்கு ஆள் அனுப்பணும். அங்க இல்லைன்னா கோயம்புத்தூரு. அதுவரைக்கும் இங்கதான் நிக்கும், பாத்துக்கங்க." நம்பகத்தன்மை என்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே கணக்கில் சொல்லிவிட்டார். எந்த வண்டியும் கெடும். தடத்தில் ஓடும் வண்டி சீக்கிரம் கெடும். கெட்ட இடத்துக்கும் உதிரி கிடைக்கும் இடத்துக்கும் எவ்வளவு தூரம் என்பதுதான் கேள்வி.

அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் உதிரி பாகக் கடைக்குப் போங்கள். கையில் ஒரு சீட்டு: கிளட்ச் கேபிள், கிளட்ச் பிளேட், இரண்டு பக்க லீவர், கோன் செட், ஃபோர்க் ஆயில் சீல், பின் சக்கர பேரிங், ஏர் ஃபில்டர். தடத்தில் முதலில் போவது இவைதான். மூன்று கடையில் கேளுங்கள். ஸ்ப்ளெண்டருக்கு எல்லாம் மேசை மேல் வந்துவிடும். வேறு சிலவற்றுக்கு "நாளைக்கு வாங்க" என்பார்கள். "ஆர்டர் போடணும்" என்று இரண்டு கடையில் சொன்னால் அந்த வண்டியை இன்னொரு முறை யோசியுங்கள்.

செம்மண் புழுதி இந்த ஊர் வண்டிகளின் முதல் எதிரி. காற்று வழியாக உள்ளே போன மண் பிஸ்டன் ரிங்கை அரம் போல் அராவும். கோடையில் தடத்தில் ஓடும் வண்டிக்குக் கம்பெனி சொன்ன காலத்தில் பாதியிலேயே ஏர் ஃபில்டரைப் பார்த்துவிடுங்கள். ஃபோம் ஃபில்டர் என்றால் கழுவி எண்ணெய் தடவலாம். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது, மாற்ற வேண்டும். ஆயிலையும் முன்கூட்டியே மாற்றுங்கள். மெதுவாக ஏறும்போது காற்றுப்படாமல் என்ஜின் கொதிக்கிறது, அரைக் கிளட்சின் துகள் ஆயிலில் கலக்கிறது. நான் 2500 கி.மீ.க்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. கரிசல் பக்கம் போனால் மண் டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திரண்டு, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். உயர்ந்த மட்கார்டு வைத்த வண்டிக்கு இந்தக் கஷ்டம் இல்லை. தாழ்ந்த மட்கார்டு என்றால் ஒரு மரக்கரண்டி கூடவே இருக்கட்டும்.

பஞ்சரை மறக்கக் கூடாது. சீமைக்கருவேல முள்ளும் உடைமுள்ளும் இல்லாத பாதை சமவெளியில் கிடையாது. ட்ரையல்ஸ்காரர்களைப் பார்த்துக் காற்றை 5க்கு இறக்கிவிட வேண்டாம். அவர்களுடைய பின் டயரில் டியூப் இல்லை. டியூப் உள்ள வண்டியில் அப்படிச் செய்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கி ஒரே அடியில் இரண்டு பொத்தல் விழும். 28 வைக்கிற டயரில் 20 வரை குறைக்கலாம், 18க்குக் கீழே வேண்டாம். சாலைக்குத் திரும்புமுன் மீண்டும் ஏற்றியாக வேண்டும். சைக்கிள் பம்ப் ஒன்றைக் கேரியரில் கட்டிவையுங்கள். கிளட்ச் கேபிளுக்கு ஒரு யோசனை: புதிய கேபிள் ஒன்றைப் பழையதோடு ஒட்டி அதே வழியில் செலுத்தி, டேப் சுற்றி விட்டுவிடுங்கள். ஒன்று அறுந்தால் மற்றதன் நுனியை மாட்டிக்கொண்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பலாம்.

எங்கே பழகுவது

காட்டுக்குள் அல்ல. சிறுமலையிலும் பன்றிமலையிலும் சாலையை விட்டு இறங்கினால் பெரும்பாலும் காப்புக்காடு. கொடைக்கானல் மலைகளின் பெரும்பகுதி 2013இல் வனவிலங்குச் சரணாலயம் ஆகிவிட்டது. அனுமதியில்லாமல் வண்டியோடு நுழைவது குற்றம். காட்டுமாடு மேயும் இடத்தில் நம் சத்தத்துக்கு வேலையும் இல்லை. அறுவடை முடிந்த சொந்த வயல், நண்பரின் தென்னந்தோப்பு, கல்குவாரிக்குப் பக்கத்து மேட்டு நிலம் என்று உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு பழகுங்கள். கயிறு கட்டி ஒரு முழ அகலத்துக்குப் பாதை போடுங்கள். நடுவே செங்கல், தென்னை மட்டை, ஒரு பழைய டயர். நின்றபடி போய் வாருங்கள். பார்வை முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, இரண்டு வண்டி நீளம் தள்ளி இருக்க வேண்டும். ஒருவர் கூட நின்று கால் ஊன்றிய கணக்கை எண்ணட்டும். ஏறும்போது வண்டி நின்றுவிட்டால் பதறாமல் கியரிலேயே வைத்து, முன் பிரேக்கைப் பிடித்து, கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துப் பிடித்து விட்டுப் பின்னோக்கி இறங்குங்கள். அணைந்த என்ஜின் பின் சக்கரத்துக்கு பிரேக்காக நிற்கும்.

முதல் 500 கி.மீ. முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஸ்பேனரால் ஸ்போக்ஸை ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மந்தமாகக் கேட்கும். அதற்கு மட்டும் கால் திருகு கொடுத்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ரிம் ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த கம்பிக்குப் போங்கள்.